தூக்கிக் கட்டிய ஜீப்: முன்பக்கத்தில் எதைப் பார்ப்பது?

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் போனால் பழைய மகிந்திரா ஜீப்புகள் இன்னும் உழைப்பதைப் பார்க்கலாம். பூண்டு, கேரட் மூட்டைகளோடு ஆட்களும் ஏறியிருப்பார்கள். கல்லும் குழியுமான தோட்டத்துப் பாதையில் அடி தட்டக்கூடாது என்று சிலர் வண்டியைத் தூக்கிக் கட்டுவார்கள். ஆசைக்காகத் தூக்கியவர்களும் உண்டு. எதற்காகத் தூக்கினாலும், 2,000 மீட்டருக்கு மேலிருந்து வத்தலகுண்டுக்கோ பழனிக்கோ இறங்கியாக வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்கப் பாரம் முன்னால் சாயும். அதனால்தான் முன்பக்கச் சோதனையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பழைய ஜீப்பின் முன்புறம் ஒரே நீள ஆக்சில், இரண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். நம்ம வழக்கில் பட்டை. தூக்குவதற்கு மூன்று வழி: பட்டையில் ஒன்றிரண்டு தகடு சேர்ப்பது, ஷேக்கிளை நீளமாக்குவது, ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே மாற்றுவது. மூன்றாவதில் உயரம் அதிகம் கிடைக்கும். ஆனால் பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் பட்டையை முறுக்குவதும் அதில்தான் அதிகம்.

உயரம் கூடினால் கோணங்களும் மாறும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜீப்பில் கிங்பின்னின் மேல்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். அதற்குப் பெயர் கேஸ்டர். ஷேக்கிள் முன்முனையில் இருக்கும் வண்டியில் அதை நீளமாக்கினால் ஆக்சில் முன்னோக்கிப் புரண்டு இந்தச் சாய்வு குறைந்துவிடும். கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பணும். திரும்பாமல் நீங்களே இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தால் முதல் சந்தேகம் கேஸ்டர் மேல்தான். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். அளந்துதான் வைக்கணும், கண்மதிப்பு உதவாது.

சோதனையைச் சமதரையில் ஆரம்பியுங்கள். இரண்டு பக்கமும் வீல் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளங்க. பிறகு பட்டையின் நிலையான முனையிலிருந்து ஆக்சில் நடு வரை. இந்த இரண்டாவது அளவு இடம் வலம் வேறுபட்டால் சென்டர் போல்ட் உடைந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம்.

அடுத்தது, என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பயனுள்ளது. சக்கரம் தரையில் இருக்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கீழே பார்க்கணும். டை ராட் முனைகள், ஷேக்கிள் புஷ், ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸில் பொருந்தும் இடம். எது தாமதமாக நகர்கிறதோ அங்கேதான் ஆட்டம். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவது வேறு கேள்விக்கு விடை. ஆட்டம் தெரிந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின்.

பலரும் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். தூக்கிய வண்டியைச் சக்கரம் தொங்கும் நிலையிலும் பார்க்கணும். சேசிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். இப்போது சேசிஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ரப்பர் பிரேக் ஹோஸைப் பாருங்க. பழைய உயரத்துக்கு அளவெடுத்த ஹோஸ் அது. கம்பி மாதிரி விறைத்து நின்றால், ஒரு சக்கரம் குழியில் இறங்கும் அன்றைக்கு அறுந்துவிடும். மலை இறக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு இழுபட்டு ஆக்சிலைத் தாங்கிக்கொண்டு நிற்கிறதா, முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதன் ஸ்லிப் ஜாயின்ட்டில் போதிய அளவு உள்ளே இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

பிறகு பாரம் ஏற்றிய நிலை. ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸில், சக்கரம் ஆக்சிலில். இரண்டையும் இணைக்கும் ராட், வண்டி உயர்ந்தால் செங்குத்தாகிவிடும். ஒவ்வொரு குழியிலும் பட்டை அமுங்கும்போது அது சக்கரத்தைத் தள்ளித் திருப்பும். ஓட்டுபவர் கையில் உதறலாக உணர்வது பெரும்பாலும் இதைத்தான்.

2010இல் வந்த தார் வேறு கதை. முன்புறம் ஆக்சில் கிடையாது, டார்ஷன் பார். போல்ட்டை முறுக்கியே உயர்த்திவிடலாம். ஆனால் சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் இடம் அதே அளவுக்குக் குறையும். சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து வண்டி மாறுபடக்கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் உறுதிசெய்தது.

யூ போல்ட் எப்போதும் புதிதாகவே போடுங்க. பழசின் மரை இழுபட்டிருக்கும். புதுப் பட்டை அமுங்கி உட்காரும்போது நட்டு தளரும், அதனால் முதல் பாரத்தோடு மலை இறங்கியதும் நான்கையும் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கணும். 500 கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை.