திடீர்னு தலையில் இடி விழுந்த மாதிரி வலியா? மாத்திரையைத் தேடும் முன் மணியைப் பாருங்கள்!

எங்கள் டெஸ்க்கில் யாருடைய டிராயரைத் திறந்தாலும் மூன்று பொருட்கள் இருக்கும். ஒரு சார்ஜர், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், ஒரு பாராசிட்டமால் அட்டை. நைட் ஷிஃப்ட், ஸ்க்ரீன், ஏசி, தவறவிட்ட மதியச் சாப்பாடு... இத்தனைக்கும் நடுவில் தலைவலி வராமல் இருந்தால்தான் அதிசயம். "ஒரு டீ குடி, தைலம் தேய், கொஞ்சம் படுத்து எந்திரி, சரியாகிடும்" என்பதுதான் வீட்டிலும் ஆபீஸிலும் நமக்குத் தெரிந்த வைத்தியம். பெரும்பாலான தலைவலிக்கு அது போதும் என்பதும் உண்மைதான்.

ஆனால், ஒரு வகைத் தலைவலிக்கு மட்டும் 'படுத்து எந்திரி' என்ற அறிவுரை உயிருக்கே ஆபத்தாகலாம். அது எது? எப்படி அடையாளம் காண்பது? வந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்? பார்க்கலாம்.

ஜிம்முக்குப் போன 24 வயதுப் பெண்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்தவர்களுக்கு எமிலியா கிளார்க்கைத் தெரிந்திருக்கும். தொடரின் முதல் சீசன் படப்பிடிப்பு முடிந்திருந்த நேரம், 2011 பிப்ரவரி. லண்டனில் ஒரு ஜிம்மில் உடை மாற்றும்போதே அவருக்குத் தலை வலிக்க ஆரம்பித்திருக்கிறது. சமாளித்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்கினார். பிளாங்க் செய்யும்போது, மூளையை எலாஸ்டிக் பட்டையால் இறுக்குவதுபோல இருந்ததாகப் பின்னர் எழுதினார். தவழ்ந்தபடி கழிப்பறைக்குப் போனவர், அங்கே கடுமையாக வாந்தி எடுத்தார். குத்தும் வலி கூடிக்கொண்டே போனது.

ஆம்புலன்ஸ், மருத்துவமனை, ஸ்கேன். மூளையின் மேற்பரப்பில் ரத்தக்கசிவு. உடனடியாக அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு சில நாள்கள் தன் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. இவ்வளவையும் அவர் வெளியுலகுக்குச் சொன்னது 2019-ல் எழுதிய ஒரு கட்டுரையில்தான். அப்போது அவருக்கு வயது 24. "இந்த வயசுல எல்லாம் மூளையில ரத்தக்கசிவு வருமா?" என்று கேட்பவர்களுக்கு அவரே பதில்.

எவ்வளவு வலிக்குது என்பதைவிட, எவ்வளவு வேகமாக வந்தது?

டாக்டரிடம் போனால் நாம் வழக்கமாகச் சொல்வது, "தாங்க முடியல டாக்டர், தலை வெடிக்கிற மாதிரி இருக்கு." ஆனால், வலியின் அளவை மட்டும் வைத்து ஆபத்தைக் கணிக்க முடியாது. மைக்ரேனும் தலையைப் பிளக்கும். டாக்டருக்கு முக்கியமாகத் தேவைப்படும் தகவல் வேறு: வலி தொடங்கி உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது?

மைக்ரேன் பொதுவாக மழை மாதிரி. முதலில் மேகம் கூடும், தூறல் போடும், பிறகுதான் கொட்டும். அரை மணி, ஒரு மணி நேரம் என்று ஏறும். ஆனால் நாம் பேசும் தலைவலி, இடி மாதிரி. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். மருத்துவத்தில் இதற்குப் பெயரே 'தண்டர்கிளாப் ஹெட்ஏக்', அதாவது இடித் தலைவலி.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய கேள்வி இருக்கிறது. வலி வந்த நொடியில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறதா? "மத்தியானத்துல இருந்தே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றால் அது ஒரு ரகம். "தோசையைத் திருப்பிட்டு இருந்தேன், அப்போ பின்மண்டையில யாரோ கட்டையால அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றால் அது வேறு ரகம். இரண்டாவது பதில் சொல்பவரை உட்கார வைத்துக் காபி கொடுக்கக் கூடாது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

ஓர் ஆச்சரியமான விஷயம், மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வலியை உணர்வது மூளையைச் சுற்றியுள்ள உறைகளும் ரத்தநாளங்களும்தான். மூளைக்குப் போகும் ரத்தநாளத்தின் சுவரில் ஒரு பலவீனமான இடம், பழைய சைக்கிள் டியூபில் புடைப்பு விழுவதுபோல, சிறு பலூனாகப் புடைத்திருக்கலாம். இதுதான் 'அனியூரிசம்'. உலக அளவில் பெரியவர்களில் சுமார் 3 சதவிகிதம் பேருக்கு இது இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பெரும்பாலானவர்களுக்கு அது கடைசி வரை வெடிப்பதே இல்லை, இருப்பதும் தெரிவதில்லை.

வெடித்துவிட்டால், ரத்தம் அதே அழுத்தத்தோடு மூளை உறைகளுக்கு இடையில் பாய்கிறது. அதனால்தான் வலி படிப்படியாக ஏறாமல் ஒரே நொடியில் தாக்குகிறது. இதன் பெயர் 'சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு'. மீண்டும் கசியும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம். உயர் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், அதிகக் குடி, நெருங்கிய ரத்த உறவுகளில் இருவருக்கு மேல் இந்தப் பிரச்னை இருந்த குடும்பப் பின்னணி ஆகியவை ஆபத்தைக் கூட்டும்.

சிலருக்குப் பெரிய கசிவுக்குச் சில நாள்கள் முன்பு, சின்னக் கசிவால் திடீர்த் தலைவலி வந்து தானாகவே போய்விடுவதும் உண்டு. "நேத்து வந்துச்சு, இப்போ இல்லை" என்பதால் அதை விட்டுவிடக் கூடாது.

வேறு என்ன காரணங்கள் இருக்கலாம்?

ரத்தக்கசிவு மட்டுமே காரணம் இல்லை. டாக்டர்கள் சந்தேகிக்கும் மற்ற சில:

• கழுத்து ரத்தநாளக் கிழிசல்: சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை 'டக்'கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அதுபோன்ற திடீர்த் திருப்பலில் அரிதாக ரத்தநாளத்தின் உட்சுவர் கிழியலாம். கழுத்துவலியோடு ஒருபக்கத் தலைவலி, ஒரு கண் இமை மட்டும் தொங்குவது ஆகியவை இதன் அறிகுறிகள். பக்கவாதம் வரை போகலாம் என்பதால், சொடக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது.

• மூளைச் சிரைகளில் ரத்த உறைவு: பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். கோயில், கல்யாணம் என்று பீரியட்ஸைத் தள்ளிப்போட, டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் வாங்கும் மாத்திரைகளும் ரத்த உறைவு ஆபத்தைக் கூட்டலாம். இந்த வலி பெரும்பாலும் சில நாள்களில் படிப்படியாக ஏறும், சிலருக்குத் திடீரென்றும் வரும். மாத்திரை எடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

• ரத்தநாளங்கள் திடீரெனச் சுருங்குவது: ஒன்றிரண்டு வாரங்களுக்குள் இடித் தலைவலி திரும்பத் திரும்ப வரும். பிரசவம், கஞ்சா, சில மூக்கடைப்பு மருந்துகள் ஆகியவை தூண்டலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும், ஆனால் மருத்துவக் கண்காணிப்பு தேவை.

• எகிறிய ரத்த அழுத்தம்: கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பெற்றவர்களுக்கும் கடும் தலைவலியோடு பார்வை மங்கினால் உடனடி கவனம் தேவை.

• மூளைக்காய்ச்சல்: காய்ச்சல், கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, குழப்பம்.

உடற்பயிற்சியின்போதோ உடலுறவின்போதோ திடீரென வரும் தலைவலி பலருக்கும் ஆபத்தில்லாததுதான். ஆனால் முதல்முறை வரும்போது அதை நாமே முடிவு செய்ய முடியாது. வெட்கப்பட்டு மறைக்கவும் கூடாது. எமர்ஜென்சி டாக்டர்களுக்கு இது புதிதல்ல.

அந்த ஆறு மணி நேரக் கணக்கு

'மணியைப் பாருங்கள்' என்று தலைப்பிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான். கனடாவில் 11 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்குத் திடீர்த் தலைவலியோடு வந்த 3,132 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் சிடி ஸ்கேன் எடுத்தவர்களில், சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு இருந்த ஒருவரையும் ஸ்கேன் தவறவிடவில்லை. அதற்குப் பிறகு ஸ்கேன் எடுத்தவர்களில் சிலருக்குக் கசிவு தெரியாமல் போனது.

நேரம் போகப் போக, கசிந்த ரத்தம் தண்டுநீரில் கலந்து கரைந்து, ஸ்கேனில் தெரிவது குறைகிறது. காலையில் வந்த வலிக்கு மாத்திரை போட்டுத் தூங்கி, மறுநாள் போனால், சிடி 'நார்மல்' என்று வந்தாலும் அதை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்ப முடியாது. சிடி ஆஞ்சியோகிராம் அல்லது முதுகில் ஊசி போட்டுத் தண்டுநீர் எடுக்கும் பரிசோதனை தேவைப்படும்.

"முதுகுல ஊசி போட்டா கால் வராம போயிடும்" என்ற பயத்தில் பலர் இதற்குக் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். ஊசி போடுவது தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழே, இடுப்புப் பகுதியில். சில நாள்கள் தலைவலி இருக்கலாம். கால் செயலிழப்பது மிக மிக அரிது.

உடனே என்ன செய்ய வேண்டும்?

1. வலி தொடங்கிய நேரத்தை மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரைக் குறிக்கச் சொல்லுங்கள்.

2. 108-ஐ அழையுங்கள். பைக்கோ காரோ நீங்களே ஓட்டிப் போகாதீர்கள். வழியில் மயக்கம், வலிப்பு வரலாம்.

3. சிடி ஸ்கேன் வசதியும் 24 மணி நேர அவசரப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்புவது நேரத்தைத்தான் தின்னும்.

4. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம். ரத்தம் உறைவதை இவை பாதிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

5. வாந்தி வந்தால், மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

6. டாக்டரிடம் "ரொம்ப வலிக்குது" என்பதோடு நிறுத்தாமல், "10.20-க்கு வந்தது, ஒரு நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிடுச்சு, இதுவரைக்கும் இப்படி வந்ததில்லை" என்று சொல்லுங்கள்.

கடைசி பாயின்ட் ஏன் முக்கியம்? இந்த ரத்தக்கசிவோடு வந்த 482 நோயாளிகளை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு (2004), அவர்களில் 56 பேருக்கு, அதாவது 12 சதவிகிதத்தினருக்கு, முதலில் வேறு நோய் என்று தவறாகச் சொல்லப்பட்டதைக் காட்டியது. அதிகம் சொல்லப்பட்ட தவறான பெயர் மைக்ரேன் அல்லது டென்ஷன் தலைவலி. நிறைய பேருக்கு சிடி ஸ்கேனே எடுக்கப்படவில்லை. இன்னொன்று, வலி மாத்திரையில் வலி குறைந்துவிட்டது என்பதால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. ரத்தக்கசிவு வலியும் மாத்திரைக்குக் கொஞ்சம் அடங்கலாம்.

அப்போ, ஒவ்வொரு தலைவலிக்கும் ஸ்கேனா?

இல்லை. பல வருடமாக ஒரே மாதிரி வந்துபோகும் மைக்ரேனுக்கும், நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல இறுக்கும் டென்ஷன் தலைவலிக்கும் பெரும்பாலும் ஸ்கேன் தேவையில்லை. ஐஸ்க்ரீமை வேகமாகச் சாப்பிட்டதும் 'சுரீர்' என்று வந்து சில நொடிகளில் மறையும் வலிக்கும் பதற வேண்டாம். அதே நேரம், மாதத்தில் 15 நாள்களுக்கு மேல் வலி மாத்திரை போடுபவர் என்றால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலிக்குக் காரணமாகலாம். அவசரம் இல்லை, ஆனால் நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

உடனே போக வேண்டியது எப்போது? ஒரு நிமிடத்துக்குள் உச்சம் தொட்ட வலி. வாழ்க்கையில் இதுவரை வராத மோசமான வலி. வலியோடு வாய் கோணல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, மயக்கம், வலிப்பு, கழுத்து விறைப்பு. தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

"போய் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா? காசு வேற வேஸ்ட்" என்ற தயக்கம் நியாயமானதுதான். அந்தக் கனடா ஆய்வில் வந்த 3,132 பேரில் சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு இருந்தது 240 பேருக்குத்தான். மீதி 2,892 பேருக்கு அது இல்லை. ஆக, உங்களுக்கும் 'ஒண்ணுமில்லை' என்ற பதில் வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் 240-ல் ஒருவரா, 2,892-ல் ஒருவரா என்பதை வீட்டில் படுத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் டெஸ்க் டிராயரில் பாராசிட்டமால் அட்டை இன்னமும் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். வழக்கமான தலைவலிக்கு அது போதும். பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் மட்டும், அட்டையை நீட்டாமல் மணியைப் பார்த்துவிட்டு 108-க்கு போன் போடுங்கள்.