வேலையில் சேர்ந்தவர் நிலைக்க என்ன வேண்டும்?

பெரம்பலூர் எறையூர் சிப்காட்டில் 2022 நவம்பரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள்; ஓராண்டில் முதல் ஆலை திறந்தது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டத்திலும் ஒரு தைவான் காலணி நிறுவனத்துக்கு அடிக்கல். 15,000 பேருக்கு வேலை என்றது அறிவிப்பு.

இந்தப் பக்கம் ஆலைகளுக்கு ஆள் எடுத்துத் தருவது என் வேலை. சேர்ப்பது எளிது. பருத்தி எடுத்துப் பழகிய கைகள் தையல் எந்திரத்தைச் சீக்கிரம் வசப்படுத்திவிடும். தக்கவைப்பதுதான் பாடு. வேலையை விட்டு நின்றுவிட்ட பெண்களிடம் காரணம் கேட்பேன். சம்பளக் குறையைவிட அதிகம் காதில் விழுவது, "ஷிப்டு முடிஞ்சா ஊருக்கு பஸ் இல்லக்கா", "புள்ளையப் பாத்துக்க ஆளில்லக்கா" என்பதுதான்.

ஊர் முனை வரை வண்டி விடுங்கள் என்று முதலாளிகளிடம் மன்றாடுகிறேன். குழந்தைகள் காப்பகம் சலுகையே அல்ல, 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. 10 பேர் வேலை செய்தாலே பாலியல் புகார்களை விசாரிக்கக் குழு வேண்டும் என்கிறது 2013 சட்டம். அந்தக் குழு பெயருக்கு மட்டும் இருந்தால் பெற்றோர் பெண்ணை அனுப்ப மாட்டார்கள்; அனுப்பவும் கூடாது.

வேலைக்குப் போகும் தங்கைகளே, நியமனக் கடிதத்தையும் பி.எஃப். எண்ணையும் முதல் மாதமே கேட்டு வாங்குங்கள்.