வீட்டுக்குள் காற்று – 6: மூச்சுக்கு ஓர் அறை

சிம்பாங் பூலாயில் தூசி புதிதல்ல. சுண்ணாம்புக் குன்றுகளை உடைக்கும் குவாரிகளும் கல் ஏற்றிய லோரிகளும் நம் சன்னல் விளிம்பில் வெள்ளைப் பொடியைப் படிய விடுகின்றன. அது கண்ணுக்குத் தெரியும், ஈரத்துணியால் துடைத்துவிடலாம். 1997, 2015, 2019 ஆண்டுகளில் வந்த புகைமூட்டம் அப்படியல்ல. அதிலுள்ள 2.5 மைக்ரோனுக்கும் குறைவான துகள் நுரையீரலின் அடிவரை போகும்.

சிறிய காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் இந்தத் துகளைப் பிடிக்கும். அசல் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோன் துகளில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும். ஆனால் முழு வீட்டையும் ஒரே இயந்திரத்தால் காக்க முடியாது. ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள்: குழந்தையோ, இழுப்பு நோயுள்ள பெரியவரோ தூங்கும் அறை. 12க்கு 12 அடி அறைக்குப் புகைமூட்டக் காலத்தில் மணிக்குச் சுமார் 245 கனமீட்டர் காற்றைச் சுத்தம் செய்யும் திறன் வேண்டும். பெட்டியில் சிஏடிஆர் என்ற பெயரில் இந்த எண் இருக்கும். கூரை உயரம் என்றால் இன்னும் கூடுதலாக வாங்குங்கள்.

நம் பழைய வரிசை வீடுகளில் கதவுக்கும் சன்னலுக்கும் மேலே காற்றுத் துளைகள் இருக்கும். அவற்றை அடைக்காமல் இயந்திரத்தை ஓடவிடுவது வீண் செலவு. புது வடிகட்டி பிளாஸ்டிக் உறையோடு உள்ளே இருக்கும், அதையும் முதலில் கழற்றுங்கள். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, திரைச்சீலை படாத இடத்தில் வையுங்கள். சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள்; கெட்டிலும் குளிர்பெட்டியும் தொங்கும் எக்ஸ்டென்ஷனில் வேண்டாம். திறந்து துடைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். குவாரித் தூசி முன்வலையைச் சீக்கிரம் அடைக்கும், அதை வாரம் ஒருமுறை துடைக்கலாம். ஹெப்பாவை மட்டும் தண்ணீரில் கழுவவே கூடாது.

ஓசோன் வெளியிடும் இயந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், ஆஸ்துமாவைத் தூண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடைத்த அறைக்குள் கொசுவத்தி, சாம்பிராணி கூடாது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகளை வெளியிடுகிறது என்றது. கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணித் தணல் விடும் கார்பன் மோனாக்சைடை எந்த வடிகட்டியும் பிடிக்காது.

சுற்றுச்சூழல் துறை மணிக்கு மணி வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அறையை அடையுங்கள், இறங்கியதும் சன்னலைத் திறந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூச்சு வாங்கினால் அவரையும் அழைத்து வந்து அந்த அறையில் உட்கார வையுங்கள்.

(தொடரும்)