இது யாரோட முறை? – பழவேற்காட்டுப் பாடும் சர்வர் கிளஸ்டரும்

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் இருக்கும் தீவில்தான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுவதைப் பார்க்கப் போன நண்பர்கள் அங்கே ஏரியையும் படகையும் பார்த்திருப்பீங்க. 'பாடு' என்ற வார்த்தையைக் கேட்டிருக்கீங்களா?

இறால் எங்கே நிறைய கிடைக்கும் என்பது மீனவர்களுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு எல்லாரும் ஒரே நாளில் வலையோடு போனால் என்ன ஆகும்? வலை சிக்கும், சண்டை வரும். அதனால் ஏரியின் தென்பகுதிக் குப்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. இந்த இடம், இந்த நாள், இந்தக் குழு என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதுதான் பாடு. அந்த உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதில் பழைய வழக்குகள் இருக்கு, அது தனிக்கதை. நமக்கு இங்கே முக்கியம் ஒன்றே ஒன்றுதான்: யாருடைய முறை என்ற பேச்சைக் கரையிலேயே முடித்துவிடுகிறார்கள். தண்ணீரில் இறங்கிய பிறகு வாதம் கிடையாது.

பல ஊர்களில் இருக்கும் சர்வர் கிளஸ்டர்களைத் தானாகவே மீட்டெடுக்கும் தொழில்நுட்பமும் கடைசியில் இதே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. எப்படின்னு பார்ப்போம்.

ஒரு ஊருக்குள் சுலபம்

கிளஸ்டர் என்றால் ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் சர்வர் கூட்டம். ஒவ்வொரு சர்வரும் மற்றதுக்கு 'நான் உயிரோடு இருக்கேன்' என்று நொடிக்கு நொடி சின்னச் செய்தி அனுப்பும். இதற்குப் பெயர் ஹார்ட்பீட். ஒன்றிடமிருந்து செய்தி வராமல் போனால், இன்னொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்ளும். இதுதான் ஃபெயில்ஓவர். லினக்ஸ் உலகத்தில் இதைச் செய்ய பேஸ்மேக்கர், கோரோசின்க் என்ற இரண்டு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள் ஜோடியாக ஓடும்.

எல்லா சர்வரும் ஒரே கட்டடத்தில் இருக்கும்வரை இது போதும். ஆனால் கட்டடமே மாட்டிக்கொண்டால்? 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். மின்சாரம், டவர், ரோடு மூணும் ஒரே நேரத்தில் போனால் ரேக்கில் எத்தனை சர்வர் இருந்தும் பயனில்லை. அதனால்தான் இரண்டாவது டேட்டா சென்டரை வேறு ஊரில் வைக்கிறார்கள். பங்குச்சந்தைகளின் மாற்று மையம் வேறு நிலநடுக்க மண்டலத்தில் இருக்க வேண்டும் என்பது செபியின் விதி. மும்பையில் இருக்கும் தேசியப் பங்குச்சந்தைக்கு, அதாவது என்.எஸ்.இ.க்கு, மாற்று மையம் நம்ம சென்னையில்.

தூரத்துக்கு ஒரு விலை

சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்த் திரும்ப குறைந்தது 10 மில்லிசெகண்ட். ஒவ்வொரு பதிவையும் 'அங்கேயும் எழுதியாச்சு' என்று உறுதி வந்த பிறகே முடித்தால், அதாவது சிங்க்ரனஸ் முறையில் போனால், ஒவ்வொரு பதிவும் அந்த நேரம் காத்திருக்கணும். காத்திருக்காமல் இங்கே எழுதிவிட்டுப் பின்னாடியே நகலை அனுப்பினால் அது அசிங்க்ரனஸ். வேகம் கிடைக்கும். ஆனால் இங்கே திடீரென்று விழுந்தால், இன்னும் கிளம்பாத நகல் எதுவும் அங்கே இருக்காது.

ஏலக்கூடத்துக் கணக்கு நோட்டை நினைச்சுப் பாருங்க. ஒவ்வொரு கூடை விற்றதும் இன்னொரு நோட்டிலும் எழுதலாம், இல்லை சாயங்காலம் மொத்தமாகப் பெயர்த்து எழுதலாம். இரண்டாவது வழியில் மத்தியானம் நோட்டு தண்ணீரில் விழுந்தால் காலைக் கணக்கு அவ்வளவுதான். எவ்வளவு கணக்கு போனால் தாங்கலாம் என்பதற்கு ஆர்.பி.ஓ. என்று பெயர். எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப ஏலம் நடக்கணும் என்பது ஆர்.டி.ஓ. (லைசென்ஸ் எடுக்கப் போகிற ஆபீஸ் இல்லீங்க!)

மௌனம் மரணம் இல்லை

இப்போதுதான் நிஜமான சிக்கல். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போன படகுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. படகு கவிழ்ந்துவிட்டதா? சிக்னல் இல்லையா? கரையில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. இரண்டு டேட்டா சென்டருக்கு நடுவில் கேபிள் அறுந்தாலும் அதே நிலைமைதான். 'அ' ஊருக்கு 'ஆ' ஊர் செத்ததுபோலத் தெரியும், 'ஆ' ஊருக்கு 'அ' செத்ததுபோலத் தெரியும். இரண்டுமே 'இனி நான்தான்' என்று எழுத ஆரம்பித்தால், ஒரே கணக்கில் இரண்டு பக்கமும் பணம் எடுக்கலாம். இதைத்தான் ஸ்பிளிட் பிரெய்ன் என்கிறார்கள். ஒரே இடத்தில் இரண்டு குழு வலை போட்ட கதை.

தீர்வு, மூன்றாவதாக ஒரு சாட்சி. வேறொரு ஊரில் ஒரு சின்ன சர்வர், அது டேட்டா எதையும் வைத்துக்கொள்ளாது, ஓட்டு மட்டும் போடும். மூன்றில் இரண்டு ஓட்டு யாருக்கு இருக்கோ அவர்களுக்கே எழுதும் உரிமை. இந்தப் பெரும்பான்மைக்குப் பெயர் குவோரம்.

பேஸ்மேக்கரோடு சேர்ந்து ஓடும் 'பூத்' என்ற மென்பொருள் இதை அழகாகச் செய்கிறது. அதில் 'டிக்கெட்' என்று ஒன்று உண்டு. எந்த நேரத்திலும் ஒரு ஊரிடம் மட்டுமே டிக்கெட் இருக்கும், அந்த ஊரில் மட்டுமே சர்வீஸ் ஓடும். டிக்கெட்டுக்குக் காலாவதி நேரம் உண்டு, நாம் எதுவும் மாற்றாவிட்டால் 600 நொடி. அதற்குள் பெரும்பான்மையைக் கேட்டுப் புதுப்பிக்கணும். தனியாக மாட்டிக்கொண்ட ஊரால் புதுப்பிக்க முடியாது, நேரம் முடிந்ததும் அது தானாகவே கையை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் கழிந்த பிறகுதான் அடுத்த ஊர் டிக்கெட்டை எடுக்கும். கவனிங்க, இங்கே யாரும் யாரிடமும் 'நீ இருக்கியா?' என்று கேட்டு உறுதி செய்யவில்லை. 'உன் நேரம் முடிஞ்சா நீ விலகிடணும்' என்ற ஒப்பந்தம் முன்கூட்டியே இருக்கு. கிட்டத்தட்ட பாடு முறையேதான்.

43 நொடியும் 4 மணி நேரமும்

இவ்வளவு இருந்தும் எங்கே தவறுகிறது? இரண்டு நிஜச் சம்பவங்கள்.

2018 அக்டோபர் 21. கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டரில் பராமரிப்பு வேலையின்போது நெட்வொர்க் 43 நொடி அறுந்தது. அவர்களிடம் குவோரம் இருந்தது, அது விதிப்படியே ஓட்டுப் போட்டு டேட்டாபேஸ் தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றியது. ஆனால் கிழக்கில் எழுதியதில் சில நொடிப் பதிவுகள் மேற்குக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இணைப்பு திரும்பியபோது இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத பதிவுகள். பரபரப்பான ஒரு கிளஸ்டரில் மட்டும் அப்படிச் சிக்கியவை 954. ஒன்றையும் இழக்கக் கூடாது என்று நிதானமாகச் சரிசெய்ததில் சேவை முழுசாகத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆனது.

2021 பிப்ரவரி 24. என்.எஸ்.இ.யில் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்பிலும் கோளாறு, ரிஸ்க்கைக் கண்காணிக்கும் அமைப்பு நின்றது. காலை 11:40க்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மாற்று மையத்துக்கு மாறவில்லை. மும்பையிலேயே சரிசெய்து பிற்பகல் 3:45க்குத் திரும்பத் தொடங்கி 5 மணி வரை நடத்தினார்கள். நடுவில் 4 மணி நேரம், வாங்கியதை விற்க முடியாமல் தவித்தவர்கள் எத்தனையோ பேர்.

ஒன்று யோசிக்காமல் மாறியது. இன்னொன்று மாறவே இல்லை. இரண்டு இடத்திலும் நல்ல கருவிகள் இருந்தன, நல்ல இன்ஜினியர்களும் இருந்தார்கள். குறைந்தது எது? எத்தனை நொடி பொறுக்கலாம், எவ்வளவு டேட்டா போனால் பரவாயில்லை, மாறு என்று சொல்லும் உரிமை யாருக்கு – இந்த மூணுக்கும் கரையிலேயே முடித்து வைத்த, நடைமுறைக்கு ஒத்துவரும் பதில். இதை எந்த மென்பொருளும் நமக்காக முடிவு செய்யாது. நாம் முடிவு செய்ததை அது வேகமாக நிறைவேற்றும், அவ்வளவுதான்.

செபி அடுத்த மாதமே இதைத்தான் செய்தது. முக்கிய அமைப்பு நின்றால் 30 நிமிடத்துக்குள் 'பேரிடர்' என்று அறிவிக்கணும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மீண்டு வரணும் என்று விதியை இறுக்கியது. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, பங்குச்சந்தைகள் முதல் அமர்வை முதன்மை மையத்திலிருந்தும் அடுத்த அமர்வை மாற்று மையத்திலிருந்தும் நிஜப் பணத்தோடே நடத்திக் காட்டின. ஒத்திகை பார்க்காத மாற்று மையம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எல்லாவற்றுக்கும் டிக்கெட் வேண்டாம்

ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. எப்போதும் ஒருத்தருக்கு மட்டும்தான் உரிமை தரணுமா?

இல்லை. அதற்கும் பழவேற்காட்டுக் கரையே உதாரணம். இந்தக் கரைக்கான சுனாமி எச்சரிக்கை ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையத்திலிருந்து வருகிறது. 2004 சுனாமிக்குப் பின், 2007 முதல் அந்த மையம் இயங்குகிறது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தியப் பெருங்கடல் முழுமைக்கும் தனித்தனியாகவே கணக்குப் போட்டு நாடுகளுக்கு அனுப்புகின்றன. யாருடைய முறை என்று யாரும் காத்திருப்பதில்லை. ஏன்? ஒரே எச்சரிக்கை மூன்று தடவை வந்தால் நஷ்டமில்லை, ஒரு தடவைகூட வராவிட்டால்தான் உயிர் போகும். பணப் பரிமாற்றம் இதற்கு நேர் எதிர்: கொஞ்சம் தாமதமானால் தாங்கலாம், இரண்டு தடவை நடந்தால் தாங்க முடியாது.

தெற்கே, புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவ கிராமத்தில் 2004 டிசம்பர் 26 அன்று நடந்ததும் இதுதான். சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி தெரிந்து போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், மக்கள் வெளியேறிப் பிழைத்தார்கள். அரசு வழி எதுவும் வேலை செய்யாத நேரத்தில் எதிர்பாராத இன்னொரு வழி இருந்தது.

ஆகவே ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இதை எடுக்கிறவர்கள், கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்க: என் சிஸ்டத்தில் ஒரு வேலை இரண்டு தடவை நடந்தால் மோசமா, நடக்காமலே போனால் மோசமா? முதலாவது என்றால் டிக்கெட், சாட்சி, காலாவதி நேரம். இரண்டாவது என்றால் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் ஓடட்டும்.

செய்து பார்ப்பதும் கஷ்டமில்லை. லேப்டாப்பில் மூன்று விர்ச்சுவல் மெஷின் போதும். இரண்டில் பேஸ்மேக்கரும் பூத்தும், மூன்றாவதில் சாட்சி மட்டும். ஓடும்போது டிக்கெட் வைத்திருக்கும் மெஷினின் நெட்வொர்க்கைத் துண்டியுங்க. அடுத்தது எத்தனை நொடியில் எழுந்தது, பழையது உண்மையிலேயே நின்றதா என்று லாகில் பாருங்க. பழையது நிற்பதற்கு முன்னால் புதியது எழுந்திருந்தால், ஒரே இடத்தில் இரண்டு வலை விழுந்துவிட்டது என்று அர்த்தம். காலாவதி நேரத்தை மாற்றி மறுபடி ஓட்டுங்க.