இணையத்தில் கதையாக்கமும் தமிழ்ச் சிறார் வாசிப்பும்

பெங்களூரில் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இலாப நோக்கற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ், 2015 செப்டம்பரில் ஸ்டோரிவீவர் என்னும் இணையக் களத்தை ஏற்படுத்தியது. இதில் இடம்பெறும் சிறார் படக்கதைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம்; தரவிறக்கி அச்சிடலாம்; வேறு மொழியில் பெயர்க்கலாம்; களத்திலுள்ள ஓவியங்களைக் கொண்டு புதுக்கதை புனையவும் செய்யலாம்.

இதற்கு வழிவகுப்பது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமாகும். பொதுவாக ஒரு நூலை மொழிபெயர்க்க விரும்புவோர் உரிமையாளரின் இசைவைப் பெறல் வேண்டும். இவ்வுரிமத்தில் அவ்விசைவு முன்கூட்டியே வழங்கப்பட்டுவிடுகிறது. மூல ஆசிரியர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் பெயர்களை முறையாகக் குறிப்பிடுதல் ஒன்றே இன்றியமையாத கடப்பாடு. சில நூறு படிகள்கூட விற்க இயலாத சிறுபான்மை மொழிகளிலும் படக்கதைகள் தோன்றுவதற்கு இம்முறை இடமளிக்கிறது என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது.

கதைகள் நான்கு படிநிலைகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. முதல் நிலைக் கதை ஏறத்தாழ 250 சொற்களுக்குள்ளும், இரண்டாம் நிலை 600 சொற்களுக்குள்ளும், மூன்றாம் நிலை 1500 சொற்களுக்குள்ளும் அமைகின்றன. ஆசிரியருக்கு இது நல்ல வழிகாட்டியே. ஆயினும் தமிழைப் பொறுத்தவரை இங்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. தமிழ் ஒட்டுநிலை மொழி. ஆங்கிலத்தில் நான்கு தனிச்சொற்களால் உணர்த்தப்படும் பொருள் தமிழில் ‘வீட்டுக்குள்ளிருந்து’ என ஒரே சொல்லில் அடங்கிவிடும். சொற்கணக்கின்படி கதை சுருங்கிற்று. வாசிப்புச் சுமையோ குறையவில்லை. ‘படம்’, ‘மரம்’ எனப் படித்துப் பழகிய குழந்தை பத்து எழுத்துகளை ஒரே மூச்சில் கூட்டிப் படிக்க வேண்டியதாகிறது. ‘ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பதில் எழுத்துகள் பதினைந்து. ஆகவே மூலக்கதைக்குரிய படிநிலையே தமிழாக்கத்திற்கும் பொருந்தும் எனக் கொள்ளுதல் தவறு. சொல்லின் நீளமும் அதில் அடுக்கப்பெறும் உருபுகளின் எண்ணிக்கையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

உறவுமுறைப் பெயர்களும் எளிதில் கடக்கத்தக்கன அல்ல. ‘அங்கிள்’ என்று மூலத்தில் வருபவர் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்பதை ஓவியம் காட்டாது. கதையின் போக்கிலும் விடை இல்லையெனில் மொழிபெயர்ப்பாளரே ஒரு குடும்பத்தை வகுத்துக்கொள்ள நேர்கிறது! இவ்வாறே பேசும் குரங்கு ‘சொன்னது’ என வருமா, ‘சொன்னான்’ என வருமா என்பதும் முடிவு செய்யப்பட வேண்டும். அஃறிணை முடிபு இலக்கண வழுவற்றது. ஆனால் அக்குரங்கைத் தோழனாகவே கருதிக் கதை கேட்கும் குழந்தைக்கு உயர்திணை முடிபு இயல்பாகத் தோன்றக்கூடும். ஒரு கதைக்குள் இரண்டும் கலந்து வருதல்தான் பெருங்குறை.

இவை அனைத்தினும் ஆழமானது இரட்டை வழக்குச் சிக்கல். ‘அம்மா வந்தார்’ என்னும் எழுத்து வழக்கு, ‘அம்மா வந்தாங்க’ எனப் பேசும் குழந்தைக்கு ஏறக்குறையப் புதுமொழி. முழுவதும் பேச்சு வழக்கில் எழுதினாலோ, எவ்வட்டார வழக்கு என்னும் வினா எழும். பாடநூலின் மொழியோடு தொடர்பும் அறும். கதை கூறுமிடங்களை எளிய எழுத்து வழக்கிலும், பாத்திரங்களின் உரையாடலைப் பேச்சு வழக்கிலும் அமைத்தல் பொருத்தமான நடுவழி எனலாம். தமிழ்ப் புனைகதையில் இது நெடுங்காலமாகப் பயின்று வந்துள்ள முறையே.

அச்சு நூலில் இத்தகைய தெரிவு ஒருமுறை செய்யப்பட்டால் அடுத்த பதிப்பு வரை மாறாது. இக்களத்திலோ ஒரே கதைக்கு வேறொரு தமிழ் வடிவம் ஆக்குதற்குத் தடையில்லை. ஆசிரியர் தம் மொழிபெயர்ப்பை முதலில் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் செய்து, குழந்தைகள் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளலாம்; நீண்ட சொற்களைப் பிரித்தும் தொடர்களைச் சுருக்கியும் திருத்தியபின் வெளியிடலாம். இணைய இணைப்பு நிலையற்ற பள்ளிகளில் முன்னரே அச்சிட்டு வைத்த தாள்களே இதற்குப் போதுமானவை.