நூறு வீடுகள் வந்தால் நம் தெரு தாங்குமா?

ஊர் வளர்வது மகிழ்ச்சிக்குரியது. வீடில்லாதவருக்கு வீடு வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரு வீட்டில் குடியேறுகிறவர்கள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை. அப்பா வேலைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். காய்கறி, பால், தண்ணீர் கேன், காஸ் சிலிண்டர் எல்லாம் அந்த வீட்டைத் தேடி வர வேண்டும். ஆகவே ஒரு மனையில் அடுக்கு மாடிக் குடியிருப்பு எழும்போது, அதன் வாசலில் உள்ள தெருவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாரம் ஏறுகிறது. அந்தப் பாரத்தைக் கட்டடம் எழுமுன்பே அளந்து பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. அதற்குப் போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு என்று பெயர். பெயர்தான் பெரியது; கணக்கோ நம் வகுப்பில் படிக்கும் கூட்டல், பெருக்கல், சதவீதம்தான். அதை நம் பிள்ளையார்பாளையத்தை வைத்தே காண்போம்.

நெசவுத் தெருவின் தனித்தன்மை

காஞ்சிபுரத்தின் மேற்குப் பகுதியில் உள்ள பிள்ளையார்பாளையம் பட்டு நெசவாளர்களின் இருப்பிடம் என்பதை நாம் அறிவோம். இங்கே பல வீடுகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. படுக்கையிலிருந்து எழுந்தவர் பத்தடி நடந்தால் வேலையிடம் வந்துவிடும். போக்குவரத்துக் கணக்கில் இது பெரிய செய்தி. தறி நெய்கிறவர் வேலைக்குப் போகத் தெருவில் ஒரு வண்டியையும் இறக்குவதில்லை. அதே மனையில் தறி போய், அதே அளவு ஆட்கள் குடியிருக்கும் மாடி வீடு வந்து, அவர்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால், மக்கள்தொகை மாறாமலே வண்டிகள் பெருகும். ஆகவே எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டால் மட்டும் போதாது. அவர்கள் எங்கே, எப்படி, எந்த நேரத்தில் போகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நம் தெரு வண்டி போகும் வழி மட்டுமல்லாமல் தொழிற்கூடமாகவும் இருக்கிறது. விடியற்காலையில் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, இழை பிரித்துச் சரிசெய்யும் காட்சியை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு சேலைக்கு ஆறு மீட்டர் என்று வைத்தாலும் மூன்று சேலைக்கான பாவு 18 மீட்டர் நீளும். அத்தனை நீளத்துக்குத் தெரு சிறிது நேரம் அமைதியாக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும்.

முதற்படி: இன்று என்ன போகிறது?

மதிப்பீட்டின் முதல் வேலை எண்ணுதல். தெருமுனையில் இருவர் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கடந்து போகும் ஒவ்வொரு வண்டியையும் வகை வகையாகக் கோடு போட்டுக் குறிக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை புதிய கட்டம். முடிவில் அடுத்தடுத்த நான்கு கால்மணிகளைக் கூட்டி, எந்த ஒரு மணி நேரத்தில் கூட்டம் மிகுதியோ அதையே உச்ச நேரம் என்பர்.

எந்த நாளில் எண்ணுவது? காஞ்சியில் இந்தக் கேள்விக்கு விடை எளிதன்று. சாதாரண வார நாள் ஒரு விதம். முகூர்த்த மாதங்களில் பட்டு எடுக்க வருகிறவர்களால் காந்தி சாலை நிரம்பும் நாள் வேறு விதம். வரதராஜப் பெருமாளின் வைகாசிக் கருட சேவை மற்றொரு விதம். 2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் நடந்த அத்திவரதர் தரிசனத்துக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். அப்படிப்பட்ட நாளுக்காக எந்தத் தெருவையும் அகலப்படுத்த முடியாது. நெடுஞ்சாலைப் பொறியாளர்களிடம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஓராண்டின் 8,760 மணி நேரங்களையும் நெரிசலின்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, 30-ஆவதாக வரும் மணி நேரத்துக்கேற்பச் சாலையை அமைப்பார்கள். திருவிழாவுக்குத் தனித் திட்டம். அன்றாடத்துக்குத் தனித் திட்டம் என்பதே இதன் பொருள்.

எண்ணிய வண்டிகளை அப்படியே கூட்டலாகாது. சைக்கிளும் லாரியும் ஒரே இடத்தையா அடைக்கின்றன? இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-இல் நகரச் சாலைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், ஒரு காரை 1 என்று வைத்து மற்றவற்றுக்கு மதிப்பெண் தந்திருக்கிறார்கள். குறிப்பிட்ட வகை வண்டி மொத்தப் போக்கில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருக்குமானால், சைக்கிளுக்கு 0.5, இருசக்கர மோட்டார் வண்டிக்கு 0.75, ஆட்டோவுக்கு 2, சிறிய சரக்கு வண்டிக்கு 2, கைவண்டிக்கு 3, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 3.7. இந்த மதிப்பைக் கார் அலகு என்போம்.

இரண்டாம் படி: புதிதாக என்ன வரும்?

நூறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு நம் தெருவில் வருவதாகக் கற்பனை செய்துகொள்வோம். கீழே வருபவை கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்ட எண்களே.

காலை உச்ச நேரத்தில் 60 இருசக்கர வண்டிகள் கிளம்பினால், 60 × 0.75 = 45. கார்கள் 10 என்றால் 10. பள்ளிக்கும் பேருந்து நிலையத்துக்கும் எட்டு ஆட்டோக்கள். ஆட்டோ வந்துவிட்டுத் திரும்பிப் போவதால் தெருவில் 16 நடை; 16 × 2 = 32. பள்ளி வேன்கள் இரண்டு, அவையும் வந்து போவதால் 4 நடை; 4 × 2 = 8. மொத்தம் 95 கார் அலகுகள். வந்து போகும் வண்டியை ஒன்றாக எண்ணிவிடுவது பலரும் செய்யும் தவறு, மறவாதீர்கள்.

அமெரிக்காவில் வீட்டுக்கு எத்தனை பயணம், கடைக்கு எத்தனை பயணம் என்று பட்டியலிட்ட கையேடு 1976 முதலே பல பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது. ஆனால் வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருக்கும் ஊரின் எண்ணை, நடந்தும் சைக்கிளிலும் ஷேர் ஆட்டோவிலும் போகும் நம் ஊருக்கு அப்படியே எடுத்துப் போடுவது முறையாகாது. நம் ஊரிலேயே ஏற்கெனவே உள்ள ஒரு குடியிருப்பின் வாசலில் நின்று எண்ணி, அதைக் கொண்டு கணக்கிடுவதே சரி.

மூன்றாம் படி: தெரு தாங்குமா?

அதே வழிகாட்டு நெறிகளின்படி, இருபுறமும் வீட்டு வாசல்கள் திறந்திருக்க, வண்டிகள் நிறுத்தப்பட்டிருக்கும் இருவழித் தெரு ஒன்று மணிக்கு 900 கார் அலகுகளை ஒழுங்காகக் கொண்டு செல்லும். இன்று நம் தெருவில் 400 அலகு போவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 சதவீதம் கூடினால் பத்தாண்டில் அது ஏறக்குறைய 650 ஆகும். புதிய குடியிருப்பின் 95-ஐச் சேர்த்தால் 745. 900-க்குள்தானே இருக்கிறது? “பாதிப்பு இல்லை” என்று அறிக்கை முடிந்துவிடும்.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். மூன்று கேள்விகள் எஞ்சி நிற்கின்றன.

முதலாவது: 900 என்பது ஏழு மீட்டர் அளவுக்குத் தார்ப்பரப்பு உள்ள தெருவுக்கு. அந்த அகலம் இல்லாத சந்துக்கு அந்த எண் பொருந்தாது. தெருவை நாடா வைத்து அளக்காமல் அறிக்கை எழுதக்கூடாது.

இரண்டாவது: ஒரு குடியிருப்போடு வளர்ச்சி நின்றுவிடுமா? இதே போல் ஐந்து வந்தால் 475 அலகு. 650-உடன் சேர்த்தால் 1,125. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் ஐந்தும் தேர்ச்சி. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் தெரு தோல்வி! தனித்தனியே பார்த்து அனுமதி தரும் முறையில் உள்ள பெருங்குறை இதுவே.

மூன்றாவது: வண்டி போக இடமிருக்கிறது என்பதாலேயே மனிதர் வாழ இடமிருக்கிறது என்று ஆகிவிடுமா? இங்கிலாந்தில் காலின் புக்கானன் தலைமையிலான குழு 1963-இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு தெருவுக்கு இரண்டு கொள்ளளவுகள் உண்டு என்று விளக்கியது. ஒன்று, எத்தனை வண்டி போக முடியும் என்பது. மற்றொன்று, எத்தனை வண்டி போனால் அங்கு வாழ்வோரின் வாழ்வு கெடாமல் இருக்கும் என்பது. இரண்டாவது எண் பெரும்பாலும் முதல் எண்ணைவிடச் சிறியது. டொனால்டு ஆப்பிள்யார்டு என்ற அறிஞர் சான்பிரான்சிஸ்கோ நகரில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்கு 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக அதே தெருவில் மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போகும் தெருவில் ஒரு நண்பர்கூட நிறையவில்லை, சராசரி 0.9 தான். பாவு நீட்ட நாலைந்து வீட்டார் கூடி நிற்க வேண்டிய நம் தெருக்களுக்கு இந்தச் செய்தி எவ்வளவு பொருந்துகிறது, எண்ணிப் பாருங்கள். வண்டி எண்ணும் தாளில் பாவுக்கென்று ஒரு கட்டம் இல்லை. நடந்து பள்ளிக்கு வரும் எங்களைப் போன்ற மாணவியருக்கும் பல தாள்களில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாதது கணக்கில் வராது. கணக்கில் வராதது காப்பாற்றப்படாது.

நம் மாவட்டத்தில் இரு பாடங்கள்

வேகவதி ஆற்றங்கரையில் குடியிருந்த குடும்பங்களுக்காகக் காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்கதிர்பூரில் 2,112 அடுக்கு மாடி வீடுகள் கட்டப்பட்டன. வெள்ளத்துக்கு அஞ்சாத வீடு நல்லதே. ஆனால் பிழைப்பும் பள்ளியும் நகருக்குள் இருக்க, வீடு மட்டும் தள்ளிப் போனால், நேற்றுவரை நடந்து சென்றவர் இன்று பஸ்ஸோ வண்டியோ தேட வேண்டும். அந்தச் செலவு அவர் பையிலிருந்து போகிறது. அந்த வண்டி நகரத் தெருவில் சேர்கிறது. வீட்டுத் திட்டத்தோடு பஸ் வழித்தடத்தையும் சேர்த்தே வரைய வேண்டும் என்பது இதில் நாம் காணும் பாடம்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில், தொழிற்சாலைப் பெண் ஊழியர் 18,720 பேர் தங்கும் பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. பத்து மாடிகள் கொண்ட 13 கட்டடங்கள். இத்தனை பேரும் ஆளுக்கொரு வண்டியில் கிளம்பினால் என்ன ஆகும்? ஐம்பது பேர் ஐம்பது இருசக்கர வண்டியில் போனால் 37.5 அலகு, அதே ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் போனால் 3.7 அலகு. பத்தில் ஒரு பங்கு! எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் 375 பஸ் நடை வேண்டும். மூன்று ஷிப்டாகப் பிரித்தால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் 125 போதும். எத்தனை பேர் என்பதைவிட எப்படிப் போகிறார்கள் என்பதே தெருவின் தலைவிதியை முடிவு செய்கிறது.

யார் எண்ணுவது?

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் சாலையின் அகலத்தைப் பார்த்தே கட்டடத்தின் உயரத்துக்கும் பரப்புக்கும் அனுமதி தருகின்றன. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடத் திட்டங்கள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். அங்கே போக்குவரத்தும் கேட்கப்படும். ஆனால் வீடு ஒன்றுக்கு 100 சதுர மீட்டர் என்றால் நாம் கற்பனை செய்த நூறு வீடுகள் 10,000 சதுர மீட்டர்தான். அந்த வரம்புக்குள் வராது. பெரிய திட்டங்களுக்கும்கூட, கட்டடத் திட்டம் என்ற வகையில், பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அந்த அறிவிக்கை விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே தெருவில் வாழ்வோரைத் தேடி வந்து யாரும் கேட்பார்கள் என்று காத்திருக்க இயலாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரைபடத்தைக் கேட்டுப் பெறலாம். நாமே எண்ணிய கணக்கை மாநகராட்சியிடமும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திடமும் எழுத்தில் தரலாம்.

கேட்க வேண்டியவையும் எளியவையே. குடியிருப்பின் வாசல் சந்தில் இல்லாமல் அகலமான சாலைப் பக்கம் இருக்கட்டும். எல்லா வண்டிகளுக்கும் வளாகத்துக்குள்ளேயே இடம் இருக்கட்டும். தெரு அவர்களுடைய கொட்டகை ஆகவேண்டாம். பள்ளி வேன் உள்ளே வந்து திரும்பிப் போக இடம் விடட்டும். மணலும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் பாவு நீட்டும் நேரத்திலும் பள்ளி நேரத்திலும் வராமலிருக்கட்டும். நடைபாதை முதலில், வண்டிப் பாதை அதன் பின் என்று வரைபடம் தொடங்கட்டும். இவற்றில் எதுவும் வீடு வேண்டாம் என்று சொல்லும் கோரிக்கை அல்ல. வருகிறவர்களும் நாளை இதே தெருவில் நடக்கப் போகிறவர்களே.

அன்புத் தோழியரே, அடுத்த விடுமுறையில் நீங்கள் நான்கு பேர் சேர்ந்து, பெற்றோர் அனுமதியுடன், பாதுகாப்பான ஒரு திண்ணையில் அமர்ந்து காலை ஏழு முதல் ஒன்பது வரை உங்கள் தெருவை எண்ணிப் பாருங்கள். வண்டிகளுக்குக் கட்டம் போடும்போது நடப்போருக்கும் சைக்கிள் பிள்ளைகளுக்கும் பாவு நீட்டும் நேரத்துக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். தேதியும் கிழமையும் குறித்துத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள் பெரியோர். நம் தெருவுக்கு அந்த அணையின் முதற்கல், நீங்கள் எண்ணி வைக்கும் அந்த ஒரு தாள்தான்.