பக்கத்தில் நிற்கும் அக்கா

ஊவா மலைப் பிள்ளைகள் – 6

2018 ஜனவரியில் பதுளை தமிழ் மகளிர் மகா வித்தியாலயத்தின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. ஊவா மாகாண முதலமைச்சராக அப்போது இருந்த சாமர சம்பத் தசநாயக்க சிபாரிசு செய்த ஒரு பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க அதிபர் மறுத்திருந்தார். அதற்காக அவரைத் தன் வாசஸ்தலத்துக்குக் கூப்பிட்டு, முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்க வைத்தார் என்பது முதலமைச்சர் மீது எழுந்த குற்றச்சாட்டு. ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. முதலமைச்சர் மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து தற்காலிகமாக விலகினார். அந்த மாதமே கைதாகிப் பிணையில் வந்தார்.

இதெல்லாம் பலருக்கும் நினைவிருக்கும். பலர் மறந்துபோன ஒன்று உண்டு. விஷயம் வெளியே வந்ததும் அதிபர் முதலில் சொன்னது, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான். அப்படிச் சொல்லும்படி தனக்கு நெருக்கடி தரப்பட்டது என்றும், முழங்காலில் நிற்க வைக்கப்பட்டது உண்மைதான் என்றும் அவர் பிற்பாடு சொன்னார். மறுப்புக்கும் அந்த வாக்குமூலத்துக்கும் இடைப்பட்ட நாட்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். ஒரு பாடசாலையையே நடத்துகிற பெண்மணிக்கு, பின்னால் சங்கமும் சக ஆசிரியர்களும் வந்து நின்ற பிறகுதான் வாய் திறக்க முடிந்தது. அப்படியிருக்க, அதே மாவட்டத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்கு வருகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் "யாராவது சீண்டினா டீச்சர்கிட்ட வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்தப் பிள்ளையை எதற்குச் சீண்டுகிறார்கள்? வெள்ளைச் சீருடையில் தொடங்கலாம். ஊவாவில் ஒக்டோபர் பிந்தினால் மழை. ஜனவரி வரை விடாது. நமுனுகுலைப் பக்கமோ பூனாகலைப் பக்கமோ தோட்டத்துப் பாதையில் இறங்கி பஸ் பிடிக்கிற பிள்ளையின் சப்பாத்தில் செம்மண் ஒட்டாமல் இருக்குமா? செருப்போடு இறங்கி, சப்பாத்தை சொப்பிங் பையில் சுற்றி எடுத்துவந்து, பள்ளி வாசலுக்கு முன்னால் மாற்றிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. அப்படியும் கவுன் விளிம்பில் ஒரு பொட்டு மண் காட்டிக்கொடுத்துவிடும். டவுன் பிள்ளைகளின் நக்கல் அங்கே ஆரம்பிக்கும். அப்புறம் தலையெண்ணெய், பேச்சின் இழுப்பு, மத்தியானப் பெட்டியில் இருக்கும் ரொட்டி.

நக்கல் டவுனிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரே தோட்டத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்குள்ளேயே மேல் டிவிசன், கீழ் டிவிசன், பெயரைச் சொல்லாமல் சொல்லப்படுகிற சாதி, "உங்கம்மா வெளிநாட்டுலதானே, யாரு உனக்குத் தல பின்னுறது?" பெரியபிள்ளையாகி, சடங்கு முடிந்து, வாரக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வகுப்புக்குள் காலெடுத்து வைக்கிற முதல் நாள் இருக்கிறதே, அன்று ஒரு பிள்ளை படுகிற பாட்டை எந்த வரவுப் பதிவேடும் காட்டாது. பையன்கள் உரக்கச் சிரிப்பார்கள். பெண் பிள்ளைகள் வேறு விதம்: கதைக்காமல் விட்டுவிடுவார்கள். தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றால் வரிசை ஒரு அடி நகர்ந்துகொள்ளும். அடி விழுந்தால் தழும்பைக் காட்டலாம். இதில் காட்ட என்ன இருக்கிறது?

பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில், இந்தச் சீண்டலைச் சமாளிக்கப் பழகவென்று சனிக்கிழமைப் பின்னேரம் பிள்ளைமடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடம்) பெண் பிள்ளைகள் கூடுகிற சிறு குழுவொன்றைப் பார்க்கப் போயிருந்தேன். நடத்துகிற அக்கா அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறார். முதல் வேலை மிகச் சாதாரணமானது. ஒவ்வொருத்தியும் எழுந்து தன் பெயரையும் ஊரையும் பின்சுவருக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை எழுந்து பெயரைச் சொல்லிவிட்டு, "பசறை" என்றாள். அக்கா விடவில்லை. "பசறைல எங்க? டவுன்லயா?" பிள்ளை சிரித்துச் சமாளித்தாள். பிறகு தோட்டத்தின் பெயர் வந்தது. இன்னொரு தடவை கேட்டதும் டிவிசன் பெயரும் வந்தது. லயத்து நம்பர் கடைசி வரை வரவில்லை. அக்காவும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது நடிப்பு. ஒருத்தி சீண்ட வேண்டும், ஒருத்தி சீண்டப்பட வேண்டும், மற்றவர்கள் பஸ்ஸில் நிற்கிறவர்கள். சீண்டுகிற வேடம் போட்டவள் பிரமாதமாக நடித்தாள் (எங்கே கற்றாள் என்று கேட்க வேண்டியதில்லை). எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா கையைத் தட்டி நிறுத்தி, "இப்ப சிரிச்சது யாரெல்லாம்?" என்றார். சத்தம் அடங்கிவிட்டது.

பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகப் பேராசிரியை கிறிஸ்டினா சால்மிவல்லி 1990களிலிருந்து ஆராய்ந்து சொன்னதும் இதுதான். சீண்டல் இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் நடப்பதல்ல. கூடச் சேர்கிறவர், சிரித்து ஏற்றிவிடுகிறவர், பார்த்தும் பாராமல் போகிறவர், குறுக்கே வந்து நிற்கிறவர் என்று சுற்றியிருக்கிற எல்லோருக்கும் அதில் ஒரு பங்குண்டு. சிரிப்பு கிடைக்காவிட்டால் சீண்டுகிறவருக்குக் கூலி கிடைக்காது. அந்த ஆய்வின் மேல் கட்டப்பட்ட 'கிவா' என்ற திட்டத்தை பின்லாந்து 2009இல் நாடு தழுவிய அளவில் பாடசாலைகளுக்குக் கொண்டுபோனது. அதில் அதிகம் பயிற்றப்படுவது பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள்தான்.

பசறை அக்காவுக்கு பின்லாந்து தெரியாது. ஆனால் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை அதே வழியில்தான் போகிறது. சீண்டுகிறவளோடு சண்டைக்குப் போகாதே. சீண்டப்படுகிறவள் பக்கத்தில் போய் நில். "வாடி, தண்ணி குடிச்சிட்டு வருவோம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடு. டீச்சரிடம் சொல்லப் போவதாக இருந்தால் இரண்டு பேராகப் போ. தனியாகப் போகிற பிள்ளையை "நீ என்ன பண்ணின?" என்று கேட்கிற ஆசிரியர், இரண்டு பேராக வந்தால் உட்கார வைத்துக் கேட்பார்.

இப்படியொரு குழுவில் ஆபத்து இல்லாமல் இல்லை. பிள்ளைகள் ஒட்டிக்கொண்டதும் அக்காவிடம் எதையும் சொல்வார்கள். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று அக்கா வாக்குக் கொடுக்கக் கூடாது. வீட்டிலோ டியூசனிலோ யாராவது கை வைத்த கதை வந்தால், போனில் எடுத்த படத்தை வைத்து எவனாவது மிரட்டுகிற கதை வந்தால், அது இருபது வயதுப் பெண் ஒருத்தி தலையில் சுமக்கக் கூடிய பாரமல்ல. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அவர் யார், எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்பதை அக்கா முன்கூட்டியே போய்ப் பார்த்துத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

நம்மவர்களுக்கு இதைவிடப் பிடித்தது ஒருநாள் பட்டறை. பெனர் கட்டி, மங்கல விளக்கேற்றி, பிரதம அதிதி வரும்வரை பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, தலைமைத்துவம் பற்றி மூன்று மணிநேரம் பேசி, சோற்றுப் பார்சல் கொடுத்து அனுப்புவது. போட்டோ நன்றாக வரும். திங்கட்கிழமை அதே பஸ்.

சாதித்தவர்களைக் காட்டுவதற்கும் ஒரு பயன் இருக்கிறது, மறுக்கவில்லை. 2024 நவம்பர் தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் நாடாளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் வாக்குகளால் தெரிவாகி அந்தச் சபைக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. 1948 குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியதிலிருந்து எண்ணினால் 76 வருஷம். அந்தப் படத்தை வகுப்பறையில் ஒட்டத்தான் வேண்டும். ஆனால் குழாயடியில் தனித்து நிற்கிற பிள்ளைக்கு நாடாளுமன்றம் எட்டாத தூரம். போன வருஷம் வரை இதே பஸ்ஸில் இதே நக்கலைக் கேட்டு வளர்ந்து, இப்போது சாதாரண தரத்தில் கணிதம் பாஸாகி நிற்கிற பக்கத்து லயத்து அக்கா எட்டும் தூரத்தில் இருக்கிறாள்.

அக்காக்களால் முடியாததும் ஒன்று உண்டு. "கொழுந்து பறிக்கத்தான் நீ லாயக்கு" என்று வகுப்பில் வைத்துச் சொல்கிற ஆசிரியரை என்ன செய்வது? அதைக் கேட்ட முப்பது பிள்ளைகளுக்கும் மறுநாளிலிருந்து அது பட்டப்பெயர். அங்கே அதிபர் பேச வேண்டும், பெற்றோர் பேச வேண்டும். பேச வேண்டிய தாய் அந்த நேரத்தில் மலையில் நிற்கிறாள். பள்ளிக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும்.

பசறைக் குழுவுக்கு வருவோம். முடிவு வந்ததும் அக்கா கல்வியியல் கல்லூரிக்கோ கொழும்பில் ஒரு கடைக்கோ போய்விடுவார். அது அவருக்கும் தெரியும். அதனால் தரம் 11 படிக்கிற இருவரை இப்போதே தன்னோடு உட்கார வைத்துப் பழக்குகிறார். பிள்ளைமடுவத்துச் சாவியைத் தர தோட்டத் துரை சம்மதித்திருக்கிறார், மாலை ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிரதேச செயலகத்துக்குப் போய்வர பஸ் காசை இதுவரை அக்காவின் பாட்டிதான் கொடுத்து வருகிறார், தன் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து.

(தொடரும்)

அடுத்த வாரம்: மலையில் நிற்கும் தாய்மார், பள்ளியில் நடக்கும் பெற்றோர் கூட்டம்